மன்னிக்க மாட்டாத ராஜபார்ட்

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் அழகுமலையைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்தவர்களில் அவனைப் பிடித்தவர்களும் கிடையாது. ஒரு அம்மன் காசுக்குப் பெறாத மனுஷன். நடையைப் பார்த்தாலோ புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பாதி இவனுக்குப் பாத்தியம் என்று தோன்றும். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜா வேஷம் கட்டுகிற ராஜபார்ட் அவன். வேஷத்தைக் கலைத்த பிறகும் ராஜாவை இறக்கி வைக்கத் தெரியாதவன். மனைவி மருதாயி ஊரார் வயலில் நாற்று நட்டுச் சம்பாதித்துப் போட்ட சோற்றை, கப்பம் வசூலிக்கிறவன் மாதிரி வாங்கித் தின்றான்.

"ஒரு நாளைக்கு மம்பட்டியத் தொட்டா என்ன, கையி அழுகியா போயிரும்?" என்பாள் அவள்.

"கிரீடம் வச்ச தலைடி இது."

"அந்தத் தகரத்தத் தூக்கிக் கடையில போட்டா அரைப்படி அரிசி தருவானா?"

தகரம்தான். மேலே ஜிகினா ஒட்டியிருந்தது.

பாட்டாவது ஒழுங்காக வந்ததா என்றால் அதுவும் இல்லை. இளவயதில் படித்த நாலு பாட்டுக்கு மேல் ஐந்தாவதைத் தொட்டதில்லை. குரல் உடைந்த பிறகு அதட்டலை வைத்தே காலம் தள்ளினான். சுருதி சேராவிட்டால் ஆர்மோனியக்காரரைத் திட்டுவான். ஜனம் எழுந்து போனால் பட்டிக்காட்டு ஜனத்துக்கு ஞானம் போதாது என்பான். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து பெரியகருப்பன் என்று ஒரு நடிகன் கிளம்பி வந்தான். வயது குறைவு, குரல் கணீர். ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை என்பதே கிடையாது. ஊருக்கொருவராக வந்து மேடையில்தான் முகம் பார்ப்பார்கள். கதை எல்லோருக்கும் தெரியும். எதிராளியை மடக்கிப் பேசுவது அவரவர் சாமர்த்தியம். அந்தத் தர்க்கத்தில் அழகுமலையைப் பல ஊர்களில் வாயடைக்க வைத்திருந்தான் பெரியகருப்பன். "முட்டைக்குள்ளேயே கூவுற சேவல்" என்று அவனைக் கேலி பேசுவான் அழகுமலை.

யுத்த காலத்தில் ஒரு வருஷம் மழை பொய்த்தது. மழை பொய்த்தால் வல்லத்திராக்கோட்டையில் ஐயனார் கோயில் திடலில் ஒரே நாடகத்தைத்தான் போடுவார்கள். குற்றமே செய்யாத தளபதிக்கு ராஜா மரணதண்டனை விதிப்பான். தளபதியின் மனைவி முந்தானை ஏந்தி அழுவாள். ராஜா மனம் இளகி மன்னிப்பான். மன்னிப்புக்குப் பிறகுதான் மங்களம். மேடையில் ராஜா மன்னித்தால் மேலே வானமும் மன்னிக்கும் என்பது ஊர் நம்பிக்கை.

ராஜா அழகுமலை, தளபதி பெரியகருப்பன், மனைவி வேஷம் காமாட்சி. அரிதாரம் பூசிக்கொண்டிருக்கும்போது ஊருக்குத் தலைவரான அம்பலம் நாகராசு வந்து பக்குவமாகத்தான் சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க அழகுமலை. இனிமே நம்ம ஊருக்கு ராஜபார்ட்டு பெரியகருப்பன்னு பேசி முடிச்சிட்டோம். ஒங்களுக்கு இதுதான் கடைசி."

மற்ற ஊர்களெல்லாம் எப்போதோ அவனைக் கைவிட்டாயிற்று. இந்தத் திடலும் போனால் அவனை ராஜா என்று கூப்பிட நாதியில்லை. அந்த நேரம் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தால்கூட மனுஷன் என்று ஒத்துக்கொள்ளலாம். அவன் மீசையை முறுக்கிக்கொண்டு மேடையேறினான்.

கிழக்கு வெளுக்கும் நேரம் தண்டனைக் காட்சி வந்தது. காமாட்சி முந்தானை ஏந்தினாள்.

"நீதிக்குக் கண் கிடையாது, பெண்ணே!" என்றான் அழகுமலை.

"கண் இல்லாவிட்டால் போகிறது மன்னா. காதுமா இல்லை?"

திடல் முழுக்க விசில். எதிரே கைகட்டி நின்ற பெரியகருப்பன் உதட்டுக்குள் சிரித்தது வேறு கண்ணில் பட்டுவிட்டது. "இழுத்துச் சென்று வெட்டுங்கள் இவனை! இது ராஜவாக்கு, மாறாது!" என்று தொண்டை கிழியக் கத்தினான். தலை வெட்டுகிற சேவகனாக வந்த பபூன் மரக்கத்தியோடு திருதிருவென்று விழித்தான். பெரியகருப்பன், "உத்தரவு மகாராஜா" என்று கும்பிட்டுவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்விட்டான்.

"அடப்பாவி, மழைக்கு வேட்டு வச்சிட்டானே!" என்று கூட்டத்தில் ஒரு பொம்பிளை அலறினாள். ஆட்கள் மேடையைச் சூழ்ந்தார்கள். நாகராசுக்கு முகம் சிவந்துவிட்டது. "போயி பெரியகருப்பன அழைச்சுட்டு வாங்க. மன்னிப்பு நடக்காம நீங்க அங்கிட்டு இங்கிட்டு நகர முடியாது" என்றார் அழகுமலையிடம்.

திரைக்குப் பின்னால் பெரியகருப்பன் தேங்காய் எண்ணெய் தேய்த்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வாப்பா, மன்னிச்சிட்டேன்னு சொல்லிர்றேன்."

"ராஜவாக்கு மாறாதுன்னு சொன்னீங்களேண்ணே. நாந்தான் செத்துட்டேனே."

"இப்ப என்னதான் செய்யச் சொல்ற?"

"ஊருக்கு வேண்டியது மன்னிப்பு. யாரு யார மன்னிச்சா என்னண்ணே? கிரீடத்தக் கழட்டிக் குடுங்க. தப்பாத் தீர்ப்புச் சொன்ன ராசாவ நான் விசாரிக்கிறேன்."

வெளியே கூச்சல் கூடியது. அழகுமலை கழற்றிக் கொடுத்தான். சண்டை போட்டுப் பார்க்கக்கூடத் துணிச்சல் இல்லை.

கை கட்டப்பட்டு அவன் மேடைக்கு வந்தபோது, அதே காமாட்சி அதே முந்தானையை அவனுக்காக ஏந்தினாள். பெரியகருப்பன் தர்க்கம் பண்ணவில்லை, பாடவில்லை, அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஈயை விரட்டுவதுபோல் கையை வீசி, "பிழைத்துப் போகட்டும்" என்றான்.

அழகுமலை மேடையில் உட்கார்ந்து தோள் குலுங்க, மூக்குச் சிந்தி, அசிங்கமாக அழுதான். திடலில் ஆண், பெண், கிழடு கட்டை எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!"

இத்தனை வருஷத்தில் அவனுக்காக ஒருவரும் அப்படிக் கத்தியதில்லை. ஜனம் கேட்டுவிட்டால் திரும்ப நடித்தே ஆகவேண்டும். அது மேடைச் சட்டம். பெரியகருப்பன் சிம்மாசனத்தில் சாய்ந்துகொண்டு, "யாரங்கே! அந்தக் குற்றவாளியைக் கட்டி இழுத்து வாருங்கள்" என்றான்.

பபூன் கயிற்றோடு வந்தான். அழகுமலை வேட்டி முனையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, இரண்டு கைகளையும் தானாகவே நீட்டினான்.