கல்கத்தா நூலகத்துக்கு அவர் போய்வந்தது

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டுவிட்டு என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுவீர்கள். என் கணவர் இறந்தபோது என் நாத்தனார் கல்லாவியிலிருந்து வந்து, குறி சொல்கிறவளிடம் போகலாம், அண்ணன் பேசுவான் என்று கையைப் பிடித்து இழுத்தாள். எரித்துவிட்டு வந்த பிறகு என்ன பேச்சு என்று கத்தி அவளை அனுப்பிவிட்டேன். அப்படிப்பட்டவள்தான் இதைச் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

என் கணவர் ஓசூரில் கிளை நூலகராக இருந்தார். எண்பதுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்பேட்டை வந்து ஊர் வேகமாக மாறிக்கொண்டிருந்த நேரம், எந்தெந்த ஜில்லாவிலிருந்தோ பையன்கள் வேலைக்கு வந்து ஒரே அறையில் ஐந்தாறு பேராகத் தங்கி, ஷிஃப்ட் முடிந்தால் போக இடம் இல்லாமல் நூலகத்துக்கு வந்து உட்காருவார்கள். அவருக்கு அது தலைகால் புரியாத சந்தோஷம். நூலகம் ஒரு வாடகை வீட்டில் நடந்தது. முதலில் அது ஒரு வெற்றிலை மண்டியாக இருந்ததாம், அப்புறம் ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து நாலு பத்திரிகை போட்டு வாசகசாலை ஆக்கினார்களாம், பிறகுதான் அரசாங்கம் எடுத்துக்கொண்டதாம். இந்தச் சரித்திரத்தைப் புதிதாக உறுப்பினராகச் சேர வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லாமல் விடமாட்டார். வெள்ளிக்கிழமை விடுமுறை, மதியம் சாப்பாட்டு நேரத்தில் கதவு சாத்தியிருக்கும், புத்தகத்தில் கோடு போடாதீர்கள் என்று வாசலில் ஒரு பலகை, அதைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் அவரே பெயிண்ட் வாங்கி எழுதினார். கன்னட எழுத்து கோணல்மாணலாக இருக்கும். யாரும் குறை சொன்னதில்லை.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. கல்கத்தாவில் இருக்கும் அந்தப் பெரிய நூலகத்தைப் பார்க்க வேண்டும். தேசத்துக்கே பொதுவான நூலகம், ஒரு காலத்தில் லாட்டு துரைகள் குடியிருந்த மாளிகை, நாட்டில் எந்த மொழியில் எந்தப் புத்தகம் அச்சானாலும் ஒரு பிரதி அங்கே போய்ச் சேர வேண்டுமாம். "நம்ம தெருவுல ஒருத்தன் பாட்டுப் புஸ்தகம் போட்டாலும் அது அங்க இருக்கும், தெரியுமா?" என்பார், என்னமோ அந்த மாளிகையே அவருடையது மாதிரி. ஹவுராவில் இறங்கி எப்படிப் போவது, பையை எங்கே வைத்துவிட்டு உள்ளே போவது எல்லாம் யார்யாரையோ விசாரித்து வைத்திருந்தார். நாம் ரெண்டு பேரும் போகலாம் என்று வருஷா வருஷம் சொல்வோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை, தடுக்க ஆளும் இல்லை, இருந்தும் போகவில்லை. ஒரு வருஷம் என் உடம்பு, ஒரு வருஷம் அவர் அம்மா, இப்படியே தள்ளிப்போனது.

நூலகத்துக்கு வெங்கடப்பா என்று ஒரு பெரியவர் வருவார். தளிப் பக்கம் ஒரு கிராமம், வீட்டில் பேசுவது தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போய், அப்போது சுத்தமாகத் தெரியாது. வாரத்துக்கு ஒரு நாள் பஸ் ஏறி வருவார், கண்டக்டர் இறக்கிவிட, யாராவது கையைப் பிடித்து நூலகத்தில் விட்டுப் போவார்கள். மதியம் கதவைச் சாத்திய பிறகு என் கணவர் பின்னறையில் உட்கார்ந்து அவருக்குப் பேப்பர் படித்துக்காட்டுவார். சாப்பாட்டுக் கூடையோடு நான் போனால் ஆறிப்போகும்வரை காத்திருக்க வேண்டும். மற்றவர்களை மூச்சு விடாதே என்று அதட்டுகிற மனுஷன் அங்கே நாடகம் மாதிரி குரலை ஏற்றி இறக்கிப் படிப்பார்.

ஒரு நாள் காலை, பத்திரிகைகளுக்குக் கம்பி மாட்டிக்கொண்டிருந்த என் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வாடகைக் காரில் என் மடியில்தான் தலை. எல்லையில் சோதனைச் சாவடி முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன, டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான், ஒவ்வொருவராக வழிவிட்டார்கள். தாண்டி கர்நாடகத்துக்குள் போனபோது அவர் கை கனத்துவிட்டது. தமிழ்நாட்டில் போனாரா கர்நாடகத்தில் போனாரா என்றுகூட எனக்குத் தெரியாது.

சில மாதங்கள் கழித்து, கருணை அடிப்படையில் எனக்கு அதே நூலகத்தில் உதவியாளர் வேலை கொடுத்தார்கள். வேறு ஊர் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. அவர் தொட்ட அலமாரி, அவர் ஒட்டிய அட்டை, அதையெல்லாம் துடைத்துக்கொண்டு இருந்துவிடலாம் என்று நினைத்தேன். அழுகை மட்டும் வரவில்லை. எல்லாரும் அழு, அழு என்றார்கள். வரவில்லை.

அன்று தூறல். புதிய நூலகர் கூட்டத்துக்காகக் கிருஷ்ணகிரி போயிருந்தார். மதியம் கதவைச் சாத்தப் போனபோது தடியைத் தட்டிக்கொண்டு வெங்கடப்பா வந்து நிற்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் காலை முறித்துக்கொண்டு ஆனேக்கல்லில் மகள் வீட்டில் கிடந்தார் என்று கேள்விப்பட்டிருந்தேன், என் கணவர் போனதை அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"யாரு, அம்மாவா? சாப்பாடு எடுத்தாந்தீங்களா? சார் உள்ள இருக்காரில்ல?" என்று கேட்டார்.

"உள்ள வாங்கய்யா, நனையறீங்க" என்று மட்டும் சொன்னேன். பழகின வழி, அவராகவே பின்னறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். முதலில் தண்ணீர் கொடுப்போம், பிறகு சொல்லுவோம் என்று பானையிடம் போனேன். அங்கேயே நின்றேன். எப்படிச் சொல்வது, கண் தெரியாதவருக்கு முகத்தைக் காட்டியாவது உணர்த்த முடியுமா?

அப்போதுதான் கேட்டது. "ம்" என்றார் வெங்கடப்பா. கொஞ்சம் விட்டு, "அய்யோ பாவம்" என்றார். மறுபடி அமைதி. அப்புறம் ஒரு சிரிப்பு, "அப்புறம் சார்?" இன்னொருவர் குரல் எனக்குக் கேட்கவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தூறல் சத்தம் மட்டும்தான். ஆனால் அந்த இடைவெளிகள் எனக்குத் தெரிந்தவை. என் கணவர் ஒரு செய்தியைப் படித்து முடித்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, அடுத்ததற்குப் போகிற நேரம் இருக்கிறதே, அதே அளவு. எத்தனை வருஷம் கூடையோடு அந்தக் கதவருகே நின்றிருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

நான் உள்ளே போனேன். பெரியவர் எதிரே காலி நாற்காலி. மேசைமேல் அன்றைய பேப்பர் உள்பக்கம் விரிந்து கிடந்தது. காற்றாக இருக்கலாம்.

"ஒக்காருங்கம்மா. சார் எந்திரிச்சுப் போறாரு பாருங்க, நீங்க வந்தா ஒடனே நிறுத்திடறாரு" என்று சிரித்தார் பெரியவர். "இந்த வாரந்தான் கல்கத்தா போய்ட்டு வந்தாராமே! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீங்க. அவ்ளோ பெரிய மாளிகையாம், வெளிய பில்லு பச்சப்பசேல்னு இருக்காம். அங்க கன்னட புஸ்தகம், தெலுங்கு புஸ்தகம், நம்ம தமிழ் எல்லாம் ஒண்ணா இருக்காம். படி ஏறறப்ப மூச்சே வாங்கல, நெஞ்சு வலியே இல்லன்னாரு. நல்லா கொணமாய்டுச்சாம்மா சாருக்கு?"

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். புத்தி மட்டும் வேலை செய்தது. அவர் உயிரோடு இருந்தபோது கல்கத்தாக் கதையை இவரிடம் நூறு தடவை சொல்லியிருப்பார், வயசானவர், கால் முறிந்து கிடந்தவர், குழம்பிப்போய்ப் பேசுகிறார். இப்படித்தான் நினைத்தேன். நெஞ்சு வலி என்றதை மகள் வீட்டில் யாராவது அரைகுறையாகச் சொல்லியிருக்கலாம்.

"கை ஆறிடுச்சாம்மா?" என்றார்.

அந்த வாரம் சோறு வடிக்கும்போது தட்டு நழுவி கஞ்சி என் கையில் கொட்டியிருந்தது. மருந்து வாசனை பிடித்திருக்கும், கண் இல்லாதவருக்கு மூக்கு கூர்மை என்று அதற்கும் ஒரு காரணம் வைத்தேன்.

"சார் அதச் சொல்லித்தான் சிரிச்சாரு. கஞ்சி கொட்டினப்ப அவரு பேரச் சொல்லிக் கத்தினீங்களாமே. கல்யாணம் ஆகி இத்தன வருசத்துல அவ வாயால எம்பேர மொத மொதல்ல அன்னிக்கித்தான் கேட்டேன், வெங்கடப்பான்னாரு."

எங்கள் வீட்டில் புருஷன் பேரைச் சொல்கிற வழக்கம் இல்லை. ரேஷன் கடையில்கூட எழுதித்தான் காட்டுவேன். ஆனால் அன்று, கதவு ஜன்னல் எல்லாம் சாத்திய வீட்டில், வலியில், அவர் பேரைத்தான் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை, எனக்கே வெட்கமாக இருந்தது.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை மாதமாக வராத அழுகை அப்போது வந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், சாவடி, லாரிகள், கனத்துப்போன கை, எல்லாம். பெரியவர் கையைக் காற்றில் துழாவி என் தலையைத் தேடித் தொட்டார்.

"நெஜமா எனக்குத் தெரியாதும்மா. கொரல் அதே கொரலு. எச்சி தொட்டுப் பேப்பர் திருப்புவாரே, அந்தச் சத்தங்கூட..." என்றவர் முடிக்கவில்லை. அவரும் அழுதார்.

"அப்ப ஏய்யா அவரு எங்கிட்ட வரல? நான் தெனமும் இங்கதான இருக்கேன்? எனக்கு ஒரு வார்த்த சொல்லலாமில்ல?" என்று பெரியவரிடம் சண்டை போட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.

சாயங்காலம் நானே அவரைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் கம்பி வழியாகக் கையை நீட்டிக் கூப்பிட்டார். பஸ் உறுமிக்கொண்டிருந்தது, பக்கத்தில் போய் நின்றேன்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனக்காதீங்க. அந்தக் கல்கத்தா நூலகத்துல, வாசல்ல ஒரு ஆளு இருப்பானாம். எத்தன பேருன்னு கேட்டானாம். சார் ரெண்டு பேருன்னாராம். அவனும் நிமிந்து பாத்துட்டு, சரி, ரெண்டு பேரும் உள்ள போங்கன்னானாம். கூட யாரும்மா போனது? நீங்களா?"

பஸ் கிளம்பிவிட்டது.

மறுநாள் மதியம் கதவைச் சாத்திவிட்டு அந்தப் பின்னறையில் உட்கார்ந்து, வெட்கத்தை விட்டு, அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கெஞ்சிக் கூப்பிட்டேன். எதுவும் இல்லை. பல நாள் அப்படிச் செய்தேன். புதிய நூலகர் நல்ல மனிதர், பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவார். வெங்கடப்பா அதன் பிறகு சில தடவை வந்தார், நான்தான் பேப்பர் படித்துக்காட்டினேன், அவர் காதிலும் வேறு குரல் விழவில்லை. பிறகு அவரும் வரவில்லை.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது. அண்ணன் மகன் கல்கத்தாவில் இருக்கிறான், வா அத்தை, அந்த நூலகத்தைக் காட்டுகிறேன் என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். டிக்கெட்கூட எடுத்து அனுப்பினான், நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டால் முட்டி வலி என்பேன். அவர் போனதை நான் ஒருவழியாக ஏற்றுக்கொண்டேன், பேசினதைக்கூட ஏற்றுக்கொண்டேன். அந்த வாசல்காரன்தான் எனக்குப் பிடிபடவில்லை. அவன் நிமிர்ந்து பார்த்தானாமே. பார்த்தபோது அவர் பக்கத்தில் யார் நின்றிருந்தார்கள்? நான் அந்த வாரம் முழுவதும் ஓசூரில், சுட்ட கையோடு, இதே வீட்டில்தான் இருந்தேன்.