எங்களுக்கு வருகை போட்ட வகுப்பு

கோடை விடுமுறைக்கு இன்னும் ஆறு வேலைநாட்கள் பாக்கியிருந்தன. ஒன்பதாம் வகுப்புக்கு முழு ஆண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பொதுத்தேர்வை எழுதி முடித்து ஊர் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மழைக்கு விட்ட லீவுகளை ஈடுகட்ட வேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு வந்திருந்தது. கடைசி நாள் வரை பள்ளி நடக்க வேண்டும், பிள்ளைகள் வர வேண்டும், வருகை தினமும் காலையில் செயலியில் ஏற வேண்டும். வந்த பிள்ளைகள் சாயங்காலம் வரை என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

எங்கள் பள்ளி சேரன்மகாதேவியிலிருந்து பஸ்ஸில் கால்மணி நேரம் தள்ளி, ஆற்றங்கரை ஊரில் இருக்கிறது. ஊரில் பாதிக்கு மேல் முஸ்லிம் வீடுகள். அந்த வீடுகளின் ஆண்களில் பலர் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கிறார்கள். நான் சமூக அறிவியல் ஆசிரியர். ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுக்கு வகுப்பாசிரியரும் நான்தான். என் வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகள்.

உத்தரவு வந்த அன்று தலைமையாசிரியர் எங்களைக் கூட்டி உட்கார வைத்தார். பாடம் நடத்துவதை விட்டுப் பல வருடங்கள் ஆன மனிதர். கூட்டம் நடத்துவதில் மட்டும் களைப்பே வராது அவருக்கு.

“பிள்ளைகளை ஈர்க்கணும் வே. அவ்வளவுதான் விஷயம். ஈர்த்தா வந்துட்டுப் போறான்.”

எதை வைத்து ஈர்ப்பது என்பதையும் அவரே சொன்னார். திங்கள்கிழமை ஓவியப் போட்டி. செவ்வாய்க்கிழமை தன்னம்பிக்கைப் பேச்சாளர். புதன்கிழமை விதைப்பந்து உருட்டுதல். எல்லாவற்றுக்கும் மேலாக, திருத்திய விடைத்தாள்களைக் கடைசி நாளான சனிக்கிழமைதான் கொடுப்பது.

“பேப்பரைப் பிடிச்சு வச்சுக்கிட்டா வந்துதானே ஆகணும்?” என்றார்.

கணக்கு வாத்தியார் என் காதோரம் குனிந்தார். “நான் போட்ட மார்க்கைப் பாக்க எவன் வே வெயில்ல வருவான்? பேப்பரைத் திருப்பித் தரமாட்டோம்னு சொன்னாத்தான் சந்தோசப்படுவானுவ.”

கூட்டம் முடிந்ததும் அதே கணக்கு வாத்தியார் மூன்று நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தார். கொழுந்தியாள் வீட்டு விசேஷம் என்று காரணம். அவரைப் பார்த்து இன்னும் நான்கு பேர் எழுதிக் கொடுத்தார்கள். பிள்ளைகளை வரவழைப்பது எப்படி என்று ஒரு மணி நேரம் பேசிய வாயை இன்னும் துடைக்கவில்லை, அதற்குள் வரிசையாக நின்று நாங்கள் வராமலிருப்பதற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டோம். தலைமையாசிரியர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போட்டுத் தள்ளினார். நான் எழுதிக் கொடுக்கவில்லை. கடமையுணர்ச்சி ஒன்றுமில்லை. என் விடுப்புகள் ஏற்கெனவே தீர்ந்திருந்தன.

திங்கள்கிழமை என் வகுப்பில் பதின்மூன்று பேர் வந்தார்கள். பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில் ஓவியம் வரையச் சொன்னோம். தலைப்பு ‘தூய்மை’. பதின்மூன்று பேரும் ஆளுக்கொரு குப்பைத்தொட்டி வரைந்தார்கள். யாருக்குப் பரிசு என்பதை ஓவியங்களைப் பார்க்காமலே எழுத்தர் முடிவு செய்தார்.

செவ்வாய்க்கிழமை பேச்சாளர் வந்தார். காலரில் மைக் மாட்டிக்கொண்டு, மின்விசிறி ஓடாத கூடத்தில் பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொன்னார். நீ ஒரு கழுகு, உயரே பறக்கிறாய், கீழே உலகம் சிறிதாகத் தெரிகிறது என்றார். கண்ணை மூடிய பிள்ளைகளுக்கு வியர்வை ஓடியது. பிறகு, பள்ளிக்கு மட்டம் போடுகிறவன் வாழ்க்கையில் உருப்பட மாட்டான் என்று அரைமணி நேரம் சத்தம் போட்டார். மட்டம் போட்டவன் ஒருவனும் அங்கே இல்லை. வந்திருந்த பிள்ளைகள்தான் அத்தனை வசவையும் வாங்கிக்கொண்டார்கள். பகல் உணவுக்கு முன்பே அவரைத் தலைமையாசிரியர் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு பிரியாணிக் கடைக்குப் போனார். இரண்டு பேரும் அதற்கப்புறம் அன்று பள்ளிப் பக்கம் வரவில்லை.

புதன்கிழமை ஒன்பது பேர்.

அன்று தலைமையாசிரியருக்குக் கோபம் வந்துவிட்டது. “பயலுவ எல்லாம் ஆத்துலதான் கிடக்கானுவ. போய்ப் பத்திக்கிட்டு வாரும்” என்று என்னை அனுப்பினார். ஆடு மாடு பத்துகிறவனைப் போல நானும் போனேன். பாலத்துக்குக் கீழே என் வகுப்புப் பையன்கள் பதினைந்து பேருக்கு மேல் கழுத்தளவு தண்ணீரில் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேர் முங்கினார்கள். மற்றவர்கள் அதற்குக்கூடச் சிரமப்படவில்லை.

“ஏலே, கரையேறி வாங்கலே. ஸ்கூல் நடக்குலா?”

பழக்கடைக்காரர் மகன் ஒருவன், மரியாதையான பையன்தான், தலையைத் துவட்டியபடி கேட்டான். “அங்கன வந்து என்ன சார் செய்ய? இங்கனயாவது தண்ணி கிடக்கு.”

வெயிலில் நடந்ததில் சட்டை முதுகில் ஒட்டியதுதான் மிச்சம். திரும்பி வந்து, ஆற்றில் ஒருவரும் இல்லை என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன்.

வகுப்புக்குப் போனபோது ஒன்பது பேரும் கடைசி பெஞ்சில் தலைகளைச் சேர்த்துக் குனிந்திருந்தார்கள். விதைப்பந்து உருட்டக் கொடுத்த களிமண் ஓரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் ஒரு நோட்டு பாவாடைக்கடியில் போனது. ஒளித்தவள் கண்ணாடி போட்ட உயரமான பெண். எந்தப் பாடத்திலும் கையைப் பாதி தூக்கி வைத்துக்கொண்டே இருப்பாள். அவளுடைய முன்னேற்ற அட்டையில் ‘அதிகம் பேசுகிறாள்’ என்று எழுதியவன் நான்தான்.

“என்ன அது? எடு.”

எடுத்துக் கொடுத்தாள். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்ட நோட்டு. இடது பக்கம் எங்கள் பெயர்கள். மேலே திங்கள், செவ்வாய், புதன் என்று கிழமைகளும் அதன் கீழே எட்டுப் பீரியடுகளும். எங்களுக்கு வருகை போட்டிருந்தார்கள். வெறும் வருகை மட்டுமில்லை, குறிப்பும் இருந்தது. கணக்கு சார், மூன்று நாளும் வரவில்லை. தமிழ் டீச்சர், வந்தார், பூ கட்டினார். தலைமையாசிரியர், செவ்வாய் பன்னிரண்டே காலுக்கு வண்டி எடுத்தார், திரும்பவில்லை.

என் பெயருக்கு நேரே திங்கள்கிழமை இப்படி இருந்தது. ‘வந்தார். ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டார். செல் பார்த்தார். சத்தம் போடாதீங்க என்று ஆறு தடவை சொன்னார். போனார்.’

ஆறு தடவை என்பதையும் எண்ணியிருக்கிறார்கள்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. “யாரைக் கேட்டு எழுதுனீங்க?”

“நாங்க தப்பா ஒண்ணும் எழுதல சார். வந்தவியளுக்கு வந்தாவன்னு எழுதிருக்கோம். வராதவியளுக்கு வரலன்னு” என்றாள் அந்தப் பெண். குரலில் துடுக்கு இல்லை. நான் ஏதாவது பிழை கண்டுபிடித்தால் திருத்திக்கொள்ளத் தயாராக நின்றாள்.

நோட்டைப் பிடுங்கிக் கிழித்திருக்கலாம். நான் செய்தது அதைவிடக் கேவலம். என் பெயருக்கு நேரே அன்றைய கட்டம் இன்னும் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, நோட்டைத் திருப்பிக் கொடுத்து, “சரி, இப்போ என்ன நடத்தணும்? சொல்லுங்க” என்றேன். இருபத்திரண்டு வருட அனுபவத்துக்குப் பிறகு, ஒரு குறிப்புக்குப் பயந்து பாடம் நடத்தக் கிளம்பினேன்.

முன்பெஞ்சுப் பையன் ஒருவன் சொன்னான். “எங்க வாப்பா இருக்க ஊரை மேப்புல காட்டுங்க சார். புஸ்தகத்துல உள்ள மேப்புல அந்த ஊரு இல்ல.”

அலுவலகத்திலிருந்து பெரிய உலகப்படத்தைத் தூக்கி வந்து கரும்பலகையில் மாட்டினேன். ஊர் பெயர் கேட்டேன். சொன்னான். எனக்குத் தெரியவில்லை. அரபு நாடுகள் என்றால் பேரீச்சை, பெட்ரோல், பாலைவனம் என்று மூன்று சொல்லை இத்தனை வருடமும் பரீட்சைக்கு எழுத வைத்திருக்கிறேன். அவன் சொன்ன ஊர் சவூதியில் கடலோரத்தில் இருக்கிறது என்பதை எழுந்து வந்து விரலை வைத்துக் காட்டியவள் அந்தக் கண்ணாடிக்காரப் பெண். அவளுடைய வாப்பாவும் அதே கரையில்தான் இருக்கிறாராம், கொஞ்சம் வடக்கே.

ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். ஒருத்தியின் மாமா கத்தாரில் லிஃப்ட் மாட்டுகிறார். ஒருவனுடைய அண்ணன் கப்பலில் சமையல் வேலை பார்க்கிறான், இப்போது எந்தக் கடலில் இருக்கிறான் என்று வீட்டில் தெரியாது. அங்கே இப்போது மணி என்ன, ஏன் நமக்குப் பிந்தி விடிகிறது, கோடையில் மத்தியானம் வெளிவேலை செய்யக் கூடாதென்று ஏன் அங்கே சட்டம் போட்டார்கள் என்று கேள்வி மேல் கேள்வி. பாதிக்குப் பதில் நான் சொன்னேன். பாதியை அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மணி அடித்தது எங்களுக்குக் கேட்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷமே வெட்கமாகவும் இருந்தது.

வியாழக்கிழமை இருபத்திரண்டு பேர் வந்தார்கள். உலகப்படத்தின் மகிமை என்று ஒரு நிமிடம் நான் நெஞ்சை நிமிர்த்தினேன். அப்படி ஒன்றுமில்லை. நோட்டு விஷயம் ஊருக்குள் பரவிவிட்டது. வாத்தியார்களுக்கு வருகை போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கட்டம் நிரப்புவதில் தங்களுக்கும் ஒரு பங்கு வேண்டும் என்றுதான் வந்திருந்தார்கள். ஆற்றில் குளித்தவர்கள் தலை காயாமல் வந்து உட்கார்ந்தார்கள்.

வெள்ளிக்கிழமை முப்பத்து நான்கு பேர். அன்று பள்ளியில் நடந்ததைப் பார்க்கக் கண் போதவில்லை. விடுப்பு முடிந்து மறுநாளும் வராமல் இழுத்துக்கொண்டிருந்த கணக்கு வாத்தியாருக்கு யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். அவர் காலை முதல் பீரியடுக்கே வந்து, தீக்குச்சிகளை அடுக்கிப் புதிர் போட்டார். எனக்கு அவரைப் பதினோரு வருடமாகத் தெரியும், தீக்குச்சியைக் காதில் விட்டுக் குடைந்துதான் பார்த்திருக்கிறேன். தமிழ் டீச்சர் பட்டிமன்றம் நடத்தினார். உடற்கல்வி ஆசிரியர், ஆய்வுக்கு அதிகாரிகள் வரும்போது மட்டும் வெளியே எடுக்கிற புதுப் பந்தை எடுத்துக் கொடுத்தார். கொடுத்த கையோடு, “பந்து கொடுத்தார்னு எழுதிருக்கியளா, காட்டுங்க” என்று நோட்டை வாங்கிப் பார்த்தார். பழைய நாட்களில் தன் பெயருக்கு நேரே ‘மரத்தடியில் தூங்கினார்’ என்று இருந்ததைப் பார்த்ததும் நோட்டோடு நேரே தலைமையாசிரியர் அறைக்கு நடந்தார்.

மத்தியானம் அந்தப் பெண்ணின் தாயாருக்குப் போன் போனது. அரைமணி நேரத்தில் வந்துவிட்டார். கறுப்பு அங்கி, கையில் குடை, வெயிலில் நடந்து வந்த மூச்சு. தலைமையாசிரியர் அவரை உட்காரச் சொல்லவில்லை. நான் வகுப்பாசிரியர் என்பதால் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். பெண் கதவோரம் நின்றாள்.

“உங்க மக என்ன காரியம் செஞ்சிருக்கா பாருங்க. ஆசிரியர்களை வேவு பாத்திருக்கா.”

அந்த அம்மாள் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் படித்தார். நிதானமாகப் படித்தார். பிறகு நோட்டை மேசையில் வைத்தார்.

“இதுல எம்புள்ள பொய் எழுதிருந்தா எந்த வரின்னு சொல்லுங்க சார். இங்கனயே கண்டிச்சுக் கூட்டிட்டுப் போறேன்.”

“பொய்யா நெசமாங்கிறது இல்லம்மா இப்போ பேச்சு. மரியாதைன்னு ஒண்ணு இருக்குலா?”

“இருக்கு சார். அவ வாப்பா நெதம் ராத்திரி போன்ல, இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடத்துனாவன்னு கேப்பாவ. இவ பரீட்சை முடிஞ்சதுலருந்து ஒண்ணும் நடத்தலன்னு சொன்னா. நீ ஒழுங்கா கவனிச்சிருக்க மாட்டன்னு அவிய ஏசுனாவ. அதுக்குத்தான் சாட்சிக்கு எழுதி வச்சிருக்கா.” என் பக்கம் திரும்பினார். “நீங்கதானே கிளாஸ் சார்? எம்புள்ள எழுதுனது நெசமா, இல்லையா?”

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். கதவோரத்திலிருந்து அவளும் பார்த்தாள்.

“பிள்ளைங்க விளையாட்டா எழுதுனதும்மா. பெருசா எடுத்துக்க வேண்டாம்” என்றேன்.

நிஜம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். எனக்கு ஒரு கேடும் வந்திருக்காது. இந்த வயதில் யார் என்னை என்ன செய்துவிடப் போகிறார்கள்? அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு அன்று அவள் என் பக்கம் திரும்பவேயில்லை.

நோட்டைத் தலைமையாசிரியர் பீரோவில் வைத்துப் பூட்டினார். பூட்டியதே வினையாகிவிட்டது. சனிக்கிழமை நோட்டை எல்லோர் முன்னாலும் வாசிக்கப் போகிறார்கள் என்று எவனோ கிளப்பிவிட்டான். முப்பத்தெட்டுப் பேர் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களிடம் விடைத்தாளைக் கொடுத்தோம். மடித்துப் பையில் திணித்துக்கொண்டு, “நோட்டு எப்போ சார்?” என்று கேட்டார்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில், வட்டாரத்துத் தலைமையாசிரியர்கள் கூட்டத்தில் எங்கள் பள்ளிக்குப் பாராட்டு. கடைசி வாரத்தில் வருகை ஏறுமுகமாக இருந்த ஒரே பள்ளி நாங்கள்தானாம். துணைக்கு என்னையும் அழைத்துப் போயிருந்தார்கள். எங்கள் தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்துப் புதுமையான முயற்சிகள், கூட்டு உழைப்பு, கழுகுப் பார்வை என்று இருபது நிமிடம் பேசினார். கீழே இருந்தவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். நானும் கை தட்டினேன்.

அடுத்த வாரம் அந்த அம்மாள் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார். மேலப்பாளையத்தில் தன் அக்கா வீட்டில் தங்கி மகள் பத்தாம் வகுப்பு படிக்கப் போகிறாள் என்றார். காரணம் யாரும் கேட்கவில்லை. சான்றிதழில் நடத்தை என்ற இடத்தில் ‘திருப்திகரம்’ என்று போடத் தலைமையாசிரியர் எழுத்தரிடம் சொல்லியிருந்தார். பார்க்கிறவனுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும், பிள்ளையிடம் ஏதோ குறை என்று. நான் உள்ளே போய், ‘மிக நன்று’ என்று எழுதாவிட்டால் வகுப்பாசிரியர் கையெழுத்து கிடையாது என்று சொன்னேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு, “என்னமும் எழுதிக்கிடும் வே” என்றார். என் வீரம் அந்த இரண்டு சொல்லோடு சரி. அதுவும் இரண்டு மாதம் பிந்தி.

சான்றிதழை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். வாங்கி, நின்ற இடத்திலேயே மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். அன்றைக்கு நான் பேசியது தப்பு என்று சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து மனதுக்குள் ஓட்டிப் பார்த்து வைத்திருந்தேன். பக்கத்தில் எழுத்தர் உட்கார்ந்திருந்தார்.

“மேலப்பாளையத்துக்கு இங்கேயிருந்து நேர் பஸ் இருக்கா?” என்று கேட்டேன்.

“ஜங்ஷன்ல இறங்கி மாறணும் சார்” என்றாள். சான்றிதழை மடிக்காமல் ஒரு அட்டைக்குள் வைத்தாள். “வாரேன் சார்” என்று சொல்லிவிட்டு, குடையை விரித்து நின்ற தாயாரோடு வெயிலில் இறங்கிப் போனாள்.