பெருமாள் ஒட்டாத வண்டிகள்

வீரராகவன் முதலில் பானட்டைத் தொட்டுப் பார்ப்பார். உள்ளங்கையால் அல்ல, புறங்கையால். ஜுரம் வந்த குழந்தையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி. சூடாக இருந்தால் அந்த வண்டியை அதோடு விட்டுவிடுவார்.

"நாம வர்றதுக்கு முன்னாடியே எழுப்பி வெச்சிருக்கான். தூங்கற வண்டியைக் காட்டச் சொல்லு. எழுந்துக்கறச்சே இருமறதா, புகை விடறதான்னு பார்க்கணும்."

இதைப் பக்கத்தில் நிற்கும் மனைவி ஜெயலக்ஷ்மி மாமியிடம் சொல்வார். மாமி தலையை ஆட்டுவார். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆட்டி ஆட்டி அந்தத் தலைக்கே வழி தெரிந்துவிட்டது.

வீரராகவன் ஒரு வங்கியின் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் ஊராகப் போய், கிளை கிளையாக உட்கார்ந்து குறை கண்டுபிடிப்பதற்கு அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இப்போது சம்பளம் நின்றுவிட்டது, குறை நிற்கவில்லை. எங்கே இட்லி சாப்பிட்டாலும் சட்னியைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் கை கழுவ மாட்டார். எஸ்கலேட்டரில் நின்றால், படியைவிடக் கைப்பிடி கொஞ்சம் வேகமாக ஓடுகிறது என்பார். ஓடத்தான் செய்கிறது. ஆனால் அவர் சொல்கிறவரை பக்கத்தில் நிற்பவர்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

கார் தேடல் ஆரம்பித்தது மாமிக்கு லைசென்ஸ் வந்த அன்று. மாமி, வீரராகவன் காலையில் நடக்கப் போகிற நேரமாகப் பார்த்து, பவானிபூரிலேயே ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, சத்தமில்லாமல் கற்றுக்கொண்டு, முதல் தடவை தோற்று, இரண்டாம் தடவை தேறி, ஒரு நாள் காபி டம்ளருக்குப் பக்கத்தில் லைசென்ஸை வைத்தார். வீரராகவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தது.

"போட்டோ நன்னா விழுந்திருக்கு," என்றார்.

"வண்டி?"

"பழசா பார்ப்போம். புதுசை இடிச்சா மனசு தாங்காது."

மாமி ஒத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு துர்கா பூஜை வந்து போய், இன்னொன்றுக்குப் பந்தல் மூங்கில்கள் வந்து இறங்கிவிட்டன. வண்டி மட்டும் வரவில்லை.

தேடல் நடக்கிற இடம் பெரும்பாலும் பைபாஸ் ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு பழைய கார் கடை. கடைக்காரர் புல்ட்டுதா. தா என்றால் வங்காளியில் அண்ணன். வயிறு முன்னால் வரும், பேச்சு அதற்கும் முன்னால் வரும். டெல்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும் மாற்றலாகி வரும் தமிழ் ஆபீசர்கள் வரும்போது ஒரு வண்டி வாங்கி, போகும்போது அதை விற்றுவிட்டுப் போவார்கள். அப்படி வந்து போனவர்களிடமிருந்து புல்ட்டுதா தமிழ் பொறுக்கிக்கொண்டார். பொறுக்கின இடம் மாமாக்களும் மாமிகளும் என்பதால், ஆத்துக்காரர், பேஷ், பகவான் சத்தியம் எல்லாம் சரளமாக வரும். 'வ' மட்டும் வராது, எல்லாமே 'ப'. வீரராகவனை ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பீரில் ஆரம்பித்ததால் பாதியில் நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து வெறும் மாமா. அவர் பேசுவதை அப்படியே எழுதினால் படிக்கிறவர்களுக்குத் தலை சுற்றும். வண்டியை மட்டும் அவர் வாயில் இருக்கிறபடி 'பண்டி' என்றே விட்டுவைக்கலாம்.

"பகவான் சத்தியமா டாக்டர் பண்டி, மாமா. ஆத்துலேர்ந்து ஹாஸ்பிடல், ஹாஸ்பிடல்லேர்ந்து ஆம். வேற எங்கேயும் போனதில்லே."

புல்ட்டுதா விற்கிற எல்லா வண்டியும் டாக்டர் ஓட்டியதுதான்.

"இந்த ஊர்ல இத்தனை டாக்டர் இருந்தா எனக்கு ஏன் ஒருத்தர்கிட்டயும் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க மாட்டேங்கறது?" என்பார் வீரராகவன்.

"எல்லாரும் பண்டி விக்க வந்துட்டா, அங்க யாரு இருப்பா மாமா?"

பானட் ஜில்லென்று இருந்தால் வீரராகவன் உள்ளே ஏறுவார். மீட்டரைப் பார்க்க மாட்டார். "அதுல அவன் எழுதினதுதான் இருக்கும்." குனிந்து பிரேக் பெடலின் ரப்பரைப் பார்ப்பார். மீட்டர் கொஞ்ச தூரம்தான் ஓடியதாகச் சொல்லும், ரப்பர் கோயில் படி மாதிரி தேய்ந்திருக்கும். அப்புறம் சீட் பெல்ட்டைப் பிடித்து இழுப்பார். போட்டுக்கொள்ள அல்ல. கிணற்றுக் கயிறு போல இழுத்துக்கொண்டே போய், சாதாரணமாக யாரும் பார்க்காத அடிப்பக்கம் வெளியே வந்ததும் டார்ச் அடிப்பார். அங்கே பழுப்பாக ஒரு கோடு இருந்தால் அது தண்ணீர் குடித்த வண்டி. மழைக்காலத்தில் எந்தத் தெருவிலோ இரண்டு நாள் முழுகிக் கிடந்தது. சீட்டைத் துவைத்துவிடலாம், எலுமிச்சை வாசனை அடித்துவிடலாம். பெல்ட்டின் வாலைத் துவைக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

"டாக்டருக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே இறங்குவார். புல்ட்டுதாவுக்குக் கோபம் வராது. பையனை அனுப்பி மண் குவளையில் டீ வரவழைப்பார். அவர் மற்றவர்களுக்கு வண்டியும் இவருக்கு டீயும் விற்றுக்கொண்டிருந்தார் என்று சொல்லலாம், டீக்குக் காசு வாங்கவில்லை என்பதைத் தவிர.

கடைசிப் பரீட்சை பெருமாளுடையது. பூரிக்குப் போனபோது வாங்கிவந்த ஜகந்நாதர், ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம். கறுப்பு முகம், வட்டக் கண்கள். வண்டி எங்கேயாவது மோதி, பள்ளத்தில் பட்டி பூசி, மேலே பெயின்ட் அடித்திருந்தால் காந்தம் அங்கே ஒட்டாது. வீரராகவன் ஜகந்நாதரைக் கதவு கதவாக வைத்துக்கொண்டே வருவார். வழுக்கினால், விழுவதற்குள் பிடித்துவிடுவார்.

"பெருமாளே வேண்டாங்கறார். பட்டி."

முதல் தடவை பம்பரில் வைத்துவிட்டார். பெருமாள் தொப்பென்று விழுந்தார். பெரிய ஆக்சிடென்ட் என்று அவர் தீர்ப்பு எழுதி முடித்தபிறகு, "மாமா, பம்பர் பிளாஸ்டிக்," என்றார் புல்ட்டுதா. அன்று வீரராகவன் டீ குடிக்காமல் போனார்.

பெயின்டில் கீறல் விழுகிறது என்று புல்ட்டுதா முணுமுணுத்ததால், காந்தத்துக்கு அடியில் ஒரு கைக்குட்டையை வைக்க ஆரம்பித்தார். அங்கேதான் சனி பிடித்தது. ஒரு நாள் ஒரு சாம்பல் நிற வண்டி. பானட் ஜில்லென்று இருந்தது, பெல்ட்டின் வால் வெள்ளையாக இருந்தது, தட்டினதும் எழுந்தது, இருமவில்லை. மாமி பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிற மாதிரி முகத்தை வைத்திருந்தார். வீரராகவன் கைக்குட்டையை மடித்தார். மறுபடி மடித்தார். தடிமனாக இருந்தால் ஜகந்நாதருக்குக் கை எட்டாது என்பது அவருக்குத் தெரியும். பெருமாள் வழுக்கினார்.

"பட்டி," என்றார் வீரராகவன்.

மாமி இறங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு கெட்ட வண்டிக்கு ஒரு மடிப்பு, நல்ல வண்டிக்குப் பல மடிப்பு. பரீட்சைக்கு பிட் கொண்டுபோய்ப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும்: முகத்தை எப்படியும் சமாளித்துவிடலாம், கட்டைவிரலைத்தான் சமாளிக்க முடியாது. மடிக்கும்போது வீரராகவனின் கட்டைவிரல் லேசாக நடுங்கும். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் பொய்க்கணக்கைப் பிடித்த விரல் அது. சொந்தமாக எழுதிப் பழக்கமில்லை.

கஞ்சத்தனம் இல்லை. பெண்டாட்டி ஸ்டியரிங் பிடிப்பதா என்கிற மீசைமுறுக்கலும் இல்லை. பயம், அவ்வளவுதான். ஹாஜ்ரா மோர் நாற்சந்தியில் இரண்டு மினி பஸ்கள் ஒரே பயணிக்காக உரசிக்கொண்டு பாய்வதைப் பார்க்கும்போதெல்லாம் நடுவில் ஒரு சின்ன வண்டியும் அதற்குள் மாமியும் இருப்பது போல அவருக்குத் தோன்றும். பிறகு வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது தெரியாத நம்பரிலிருந்து போன் வருவது போலத் தோன்றும். ஏதாவது கிரெடிட் கார்டு விற்கிற பெண் உண்மையிலேயே கூப்பிட்டுவிட்டால், அன்று அவளிடம் ரொம்ப நேரம் மரியாதையாகப் பேசுவார். "பயமா இருக்கு ஜெயா" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். ஊர் உலகத்துக்கெல்லாம் ரிமார்க்ஸ் எழுதியவருக்கு அந்த ஒரு வரி வரவில்லை.

மாமியும் கேட்கவில்லை. ஆனால் டிரைவிங் ஸ்கூல் பெண் போன் செய்தபோது பேச்சு ஸ்பீக்கரில் இருந்தது. "ஓட்டாமலே இருந்தா கால் மறந்துடும் மாஷிமா. அப்புறம் மறுபடி முதல்லேர்ந்துதான்," என்றாள் அவள் வங்காளியில். அந்த வயதில் மறுபடி முதலிலிருந்து என்றால் என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்குமே தெரியும். மாமி போனை வைத்துவிட்டுப் பட்டாணி உரிக்க உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலம் வீரராகவனின் மூக்குக் கண்ணாடி சாப்பாட்டு மேஜைக்கு அடியில் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் அங்கே மூன்று செருப்புகளைப் பார்த்தார். வரிசையாக, கொஞ்சம் இடைவெளி விட்டு. மாமியின் இடது கால் ஒரு செருப்பை மெல்ல அழுத்தி, மெல்ல விட்டது. வலது கால் நடுச் செருப்பிலிருந்து ஓரத்துச் செருப்புக்கு நகர்ந்து, பட்டும் படாமல் மிதித்தது. மேஜைக்கு மேலே பட்டாணி கிண்ணத்தில் விழும் சத்தம் கொஞ்சமும் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தது. கீழே ஒரு பெண் பவானிபூரிலிருந்து எங்கேயோ போய்க்கொண்டிருந்தாள்.

"கண்ணாடி கிடைச்சுதா?" என்று மேலிருந்து குரல்.

"கிடைச்சுது," என்றார், தேடாமலே.

அந்த ஞாயிற்றுக்கிழமை புல்ட்டுதா வாசலிலேயே நின்றார். "வாங்கோ மாமா, வாங்கோ. இன்னிக்குக் கதையே இல்லே. டாக்டரும் இல்லே. உங்க ஊர் ஆபீசர், குவாஹாத்திக்கு டிரான்ஸ்பர். நேத்து வந்து கொடுத்துட்டுப் போனார். நான் இன்னும் துடைக்கக்கூட இல்லே."

உண்மையிலேயே துடைக்கவில்லை. சின்ன நீல வண்டி, மேலே பைபாஸ் புழுதி. புறங்கைக்கு பானட் ஜில்லென்று இருந்தது. பெல்ட்டின் வாலில் கோடு இல்லை. பெடல் ரப்பரும் மீட்டரும் ஒரே கதையைச் சொல்லின. வீரராகவன் எவ்வளவு மெதுவாகப் பார்க்க முடியுமோ அவ்வளவு மெதுவாகப் பார்த்தார். கடைசியில் கை பாக்கெட்டுக்குள் போயிற்று.

கைக்குட்டை முன்பே மடிந்திருந்தது. வீட்டிலேயே மடித்துக்கொண்டு வந்திருந்தார். டிரைவர் பக்கத்துக் கதவில் வைத்தார். பெருமாள் வழுக்கினார்.

புல்ட்டுதா காந்தத்தைப் பார்த்தார். கைக்குட்டையைப் பார்த்தார். அப்புறம் அந்தக் கட்டைவிரலை.

"மாமா," என்றார், குரலை இறக்கி. "இருபது வருஷமா இதே வேலை. மீட்டரைக் குறைக்கத் தெரியும், கோட்டை மறைக்கத் தெரியும். கெட்ட பண்டியை நல்ல பண்டியாக்குவேன். நல்ல பண்டியைக் கெட்ட பண்டியாக்கற ஆளை இப்போதான் பார்க்கறேன்." சிரிக்கவில்லை. "ருமாலைக் கொஞ்சம் பிரிச்சு வெச்சுப் பாருங்கோ."

வீரராகவன் ஜன்னல் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். மாமி இன்று பின் சீட்டில் ஏறவில்லை. செருப்பைக் கழற்றி, வீட்டு வாசலில் வைப்பது போலக் கதவோரம் ஜோடியாக வைத்துவிட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். எதிரே வெறும் தகரச் சுவர். சுவரில் ரோடு போகிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே வெறுங்கால் கிளட்சைத் தேடி, கண்டுபிடித்து, மெல்ல அழுத்தி, மெல்ல விட்டது.

அவர் கைக்குட்டையை மடிப்பு மடிப்பாகப் பிரித்தார். முழுவதும் பிரித்ததும் அதனால் மாமி பக்கத்து சைடு மிர்ரரின் புழுதியைத் துடைத்தார். ஜகந்நாதரை வெறுமனே எடுத்துக் கதவில் வைத்தார். டக்கென்று சத்தம் வந்தது. கையை எடுத்தார். வட்டக் கண்களை விழித்துக்கொண்டு பெருமாள் அங்கேயே இருந்தார்.

"ஏன்னா, என்ன ஆச்சு? பட்டியா?" மாமி சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"இல்லை. ஒட்டிண்டுட்டார்."

ஸ்டியரிங் மேல் இருந்த மாமியின் இரண்டு கைகளும் இன்னும் கொஞ்சம் இறுகின. புல்ட்டுதா சாவியை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டு, போய் கேட்டைத் திறந்தார்.

"ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமா?" என்றார் மாமி.

"மெதுவா..." என்று ஆரம்பித்தார் வீரராகவன். நிறுத்திக்கொண்டார். சுற்றிவந்து இடது பக்கக் கதவைத் திறந்து ஏறினார். பழக்கதோஷத்தில் கை பெல்ட்டைப் பிடித்து இழுத்தது. இந்த முறை வால் வரை இழுக்கவில்லை, டார்ச்சும் எடுக்கவில்லை. பாதியிலேயே நிறுத்தி, மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து, க்ளிக் என்று பூட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார்.