ஈரம் காயும் வரை

பிள்ளைகளா, மழை விட்டதும் நான் வாசல் கல்லையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு சிரிக்கிறீர்கள். அது பெரம்பலூர்ப் பக்கத்துக் கல் குவாரியில் பிடித்த பயம். எண்பதுகளின் தொடக்கம். மூத்தவன் அப்போது உங்கள் அம்மா வயிற்றில் இருந்தான்.

குவாரி வருவதற்கு முன்பு அந்தக் குன்றில் அம்மி, ஆட்டுக்கல், வேலிக்கால் அடித்துச் சுற்றுவட்டாரத்தில் விற்றுப் பிழைத்தோம். பிறகு ஒரு முதலாளி குன்று முழுவதையும் குத்தகைக்கு எடுத்தார். கருங்கல்லைப் பாளம் பாளமாகப் பெயர்த்து, லாரியில் மெட்ராஸ் துறைமுகத்துக்கு அனுப்பினார். வெளிநாட்டில் கல்லறை மேல் வைக்கவாம். நாங்களும் அங்கேயே கூலிக்குச் சேர்ந்தோம். கூலி கூடத்தான். ஆனால் அம்மிக்கென்று ஒரு துண்டு எடுக்க முடியாது. மகள் கல்யாணத்துக்கு ஆட்டுக்கல் கேட்டுத் திருமானூரிலிருந்து வண்டி கட்டி வந்தவரை வெறும் வண்டியோடு திருப்பி அனுப்பினோம்.

"அந்த நாட்டுல சாவு கொறஞ்சா நம்ம வூட்டு அடுப்பு எரியாது மச்சான்" என்பான் என் கூட்டாளி. சிரிப்பேன். வீட்டுக்கு வந்து உங்கள் அம்மா வயிற்றைப் பார்த்தால் அந்தச் சிரிப்பு வராது.

ஒரு நாள் கல் வாங்கும் வெளிநாட்டுக்காரரே தரகரோடு காரில் வந்தார். முன்பு போன கற்களில் கீறல் இருந்ததாம். அடுத்து அனுப்ப வெட்டி வைத்திருந்த பாளத்திலும் இருந்தால் இனி நம்மிடம் கல் எடுக்க மாட்டார், குவாரியை மூட வேண்டியதுதான் என்று மேஸ்திரி காலையிலேயே சொல்லியிருந்தார்.

"தண்ணி ஊத்துப்பா" என்றார் மேஸ்திரி. குடத்தை நான்தான் கவிழ்த்தேன். நல்ல கல் ஒரே சீராகக் காயும். கீறல் இருந்தால் அது மட்டும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கறுப்பாக நிற்கும். வெயிலில் ஈரம் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது.  பிரசவத்துக்கு என்ன செய்வேன், யாரிடம் போய் நிற்பேன் என்பதே என் நினைப்பு.

நடுவில் ஒரு முடியளவு கோடு காயாமல் நின்றது.

"எங்க வேர்வை சொட்டியிருக்கும் சார்" என்றான் கூட்டாளி. தரகர் அதை மொழிபெயர்க்கவில்லை. வந்தவர் விரலால் கோட்டைத் தடவினார். திரும்பிக் காருக்கு நடந்தார்.

"வேலை இருந்தா சொல்லி அனுப்புறேன், போயிட்டு வாங்க" என்றார் முதலாளி எங்களிடம்.

"ஆகாத கல்லுதானுங்களே, ஒடச்சு அம்மியாச்சும் அடிச்சுக்கறோமுங்க" என்றேன்.

"இதை எடுக்க வேற ஆளு வருவான். கை வெக்காதீங்க."

வீட்டில் யாரும் இல்லை. உங்கள் அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். கல்யாணத்தின்போது அதே குன்றில் நான் அடித்த அம்மி பின்புறம் வெயிலில் கிடந்தது. ஒரு சொம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றிவிட்டு எதிரே குந்தினேன். எல்லாம் காய்ந்தது, ஓரத்தில் ஒரு கோட்டைத் தவிர. அவள் வருவதற்குள் தோள் துண்டால் அதை அழுத்தித் துடைத்தேன்.