கல்யாண வண்டி முனகக் கூடாதாம்

2003ஆம் ஆண்டு தை மாதம். பர்மாவில், யாங்கூன் நகரத்துப் பசுந்தாங் பகுதியிலிருந்து வடக்கே மாவ்பி ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டோம். மணப்பெண் என் மனைவியின் அண்ணன் மகள்.

கல்யாணச் சமையல் பாத்திரங்களை வாடகைக்கு விடுவது என் தொழில். அவற்றை ஏற்றிச் செல்ல, நாற்புறமும் தகரம் அடைத்த டிரெய்லர் ஒன்றைச் செய்து என் பிக்கப்பின் பின்னால் மாட்டியிருந்தேன். பெரிய லாரி கடந்து போனால் காற்று வீச்சில் அது பக்கவாட்டில் ஆடும். ஆகவே இணைப்புக் கொக்கி வாங்குவதில் நான் அவசரப்படவில்லை. பட்டறைக்காரர் காட்டிய சாதாரணக் கொக்கி மலிவுதான், ஆனாலும் வேண்டாம் என்றேன். பழைய ஜப்பான் சாமான் கடைகளில் தேடி, ஆட்டத்தைத் தடுக்கும் கம்பி வைத்த கொக்கியாக எடுத்தேன். கைப்பிடியை இறுக்கினால் கம்பி உராய்ந்து பிடித்துக்கொள்ளும். ஒரே குறை, வளைவில் திரும்பும்போது முனகும்.

"என்ன மாப்பிள்ளே, கொக்கிக்கும் பத்துப் பொருத்தம் பாக்குறீங்களா?" என்று பெண்ணின் அப்பாவான என் மைத்துனர் கேலி செய்தார்.

கல்யாணத்தன்று கனமான அண்டாக்களை டிரெய்லரின் முன்பக்கம் அடுக்கி, கைப்பிடியை இறுக்கிவிட்டுச் சாமி கும்பிடப் போனேன். வந்ததும் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. பிக்கப்பின் பின்பலகைகளில் மணப்பெண்ணும் பெண்களும். மைத்துனர் பின்னால் காரில் வந்தார். பெண்கள் போட்ட குலவையில் வேறெந்தச் சத்தமும் என் காதில் விழவில்லை.

ஊர் தாண்டி, ஒரு பாலத்து இறக்கத்தில் மரலாரி ஒன்று எங்களை முந்தியது. டிரெய்லர் ஆடத் தொடங்கியது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வீச்சு கூடியது. பிக்கப்பையும் சேர்த்து இழுத்தது. பிரேக்கை மிதித்தால் கவிழ்ந்துவிடும். காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன். டிரெய்லரின் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி, வண்டி நின்றது.

இறங்கி ஓடினேன். கடைசியில் உட்கார்ந்திருந்த மணப்பெண் பாதி உடம்பு வெளியே தொங்க, என் மனைவி அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்திருந்தாள். இருவரையும் இறக்கிவிட்டுக் கொக்கியைப் பார்த்தேன். கைப்பிடி முழுக்கத் தளர்ந்து கிடந்தது.

"இதை யார் தொட்டது?"

"நாந்தான்" என்றார் மைத்துனர், சற்றும் கூசாமல். "கல்யாணத்துக்குப் போற வண்டி அழுதுக்கிட்டே போகலாமா? அபசகுனம்ல!"

"உங்க பொண்ணு ரோட்டுல விழுந்திருந்தா அது நல்ல சகுனமா?"

"அதான் ஒண்ணும் ஆகலையே மாப்பிள்ளே. முருகன் காப்பாத்திட்டான்."

நான் கத்தினேன். வாழ்க்கையில் அப்படிக் கத்தியதில்லை. ஆனால் சுற்றி நின்றவர்கள் அடக்கியது என்னைத்தான். "நல்ல நாளும் அதுவுமா இப்படிக் கோவப்படலாமா?" என்றார்கள். உயிரோடு விளையாடியவர் நல்லவர், கேட்டவன் அமங்கலம்!

கிழிந்த சேலையைச் செருகிக்கொண்டு மணப்பெண் மட்டும் என் பக்கத்தில் வந்தாள். "இறுக்கிடுங்க மாமா. அழுதா அழுதுட்டுப் போகட்டும்" என்றாள். ஆட்களைக் கூப்பிட்டுச் சக்கரத்தைத் தூக்கிவிட்டு, கைப்பிடியை இறுக்கினேன். முகூர்த்தம் தவறவில்லை.

மைத்துனர் இன்றும் அதை முருகன் காப்பாற்றிய கதையாகவே சொல்கிறார். கேட்பவர்களும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். நானும் முருகனைக் கும்பிடுகிறவன்தான். ஆனால் அந்தக் கோபத்தை மட்டும் ஆறவிட எனக்கு மனமில்லை. அன்று ஆபத்து யார் கையிலிருந்து வந்தது என்பதை மறக்காமல் வைத்திருப்பது எங்கள் குடும்பத்தில் அந்தக் கோபம் ஒன்றுதான்.