வெள்ளைக் காரின் கயிறு

என் தம்பி தீர்த்தகிரி பத்தாவதில் இரண்டு முறை பெயிலானவன். ஆனால் கார் ஓட்டுவதில் இந்த ஜவ்வாது மலையிலேயே அவன்தான் முதல் ஆள். அக்கா என்பதால் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஐந்து வருஷம் அந்த வெள்ளைக் காரை மலைப்பாதையில் ஏற்றி இறக்கியிருக்கிறான். ஒரு தடவைகூட இன்சூரன்ஸ்காரர்களிடம் நஷ்டம் கேட்டுப் போனதில்லை. மூன்றாம் வருஷம் ஆனி மாதம் பலாப்பழம் ஒன்று பானெட் மேல் விழுந்து குழியானது. அதையும் உள்ளேயிருந்து உலக்கையால் தட்டி நேராக்கிக்கொண்டான்.

அவன் வேகம் எப்போதும் இருபத்தைந்துதான். "தீர்த்தகிரி வண்டியில பலாக்காயா ஏத்தி அனுப்பு, அமிர்தி போறதுக்குள்ள பழுத்துடும்" என்று ஊரில் பேசுவார்கள். பேசட்டும்.

போன தை மாதம் அந்தக் காரை விற்றுவிட்டு, ஏழு பேர் உட்காரும் புது வண்டி எடுக்க முடிவு செய்தான். காருக்குக் கட்டிய இன்சூரன்ஸ் முடிய இன்னும் ஏழு மாதம் இருந்தது. அதை என்ன செய்வது என்று கேட்க இருவரும் வேலூருக்குப் போனோம். புது வண்டிக்கு இன்சூரன்ஸ் போடும் ஆபீசில் அன்பரசி என்ற பெண் பொறுமையாக விளக்கினார். மீதி ஏழு மாதம் காரோடு சேர்ந்து, வாங்குகிறவர் பேருக்கு மாறிவிடும். ஆனால் ஐந்து வருஷம் நஷ்டம் கேட்காமல் ஓட்டிய நல்ல பெயர் காருக்குச் சொந்தமில்லை, தம்பிக்குத்தான் சொந்தம். பழைய கம்பெனி அதைக் கடிதமாக எழுதித் தரும். அதைக் கொண்டுவந்தால் புது வண்டியின் இன்சூரன்ஸில் பெரிய தள்ளுபடி உண்டு.

தள்ளுபடி தம்பியின் காதில் விழவே இல்லை. "எம் பேரு போட்டுத் தருவாங்களா?" என்று கேட்டான்.

"உங்க பேரு, கம்பெனி சீல் எல்லாம் இருக்கும் சார்."

எங்கள் வீட்டு பைலில் என் எட்டாவது டி.சி., சாதிச் சான்று, பட்டா எல்லாம் வரிசையாக இருக்கின்றன. வீட்டில் ஒருவர் ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்தார் என்று சொல்லும் காகிதம் ஒன்றுகூட இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது, அந்தக் கடிதத்தைப் பட்டாவுக்கு முன்னால் வைக்கலாமா பின்னால் வைக்கலாமா என்று தம்பி மூன்று முறை கேட்டான். முன்னால் என்றேன்.

காரை வாங்கியவர் கணியம்பாடி அடைக்கலம், முட்டை வியாபாரி. விற்றதற்கான இருபத்தொன்பதாம் நம்பர் பாரத்தை அடித்தல் திருத்தல் இல்லாமல் நான் முன்னாலேயே நிரப்பி வைத்திருந்தேன். அவரோ மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை. வீட்டில் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புவதாகச் சொல்லி, பாரத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காரை எடுத்துப் போனார். நான் அப்போதே தடுத்திருக்க வேண்டும்.

அவர் வருவதற்கு முன் தம்பி ஒரு காரியம் செய்திருந்தான். எங்கள் பக்கம் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்கமாட்டோம். கயிறும் போனால் கொட்டகையில் அப்புறம் மாடு தங்காது. வாங்குகிறவர்தான் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும். அன்று காலை தம்பி ஸ்பேனரால் டிரைவர் சீட்டின் பெல்ட்டைக் கழற்றி, மஞ்சள் தடவி, மாட்டுக்கயிறுகள் தொங்கும் ஆணியில் மாட்டிவிட்டான். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சரியென்றுதான் பட்டது.

அடைக்கலம் முதல் வளைவில் பெல்ட்டைத் தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை. தோளில் கிடந்த துண்டைக் குறுக்கே கட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார். கீழே வண்டியை நிறுத்திய போலீஸ்காரர் துண்டைப் பார்த்துவிட்டு, எந்தக் கட்சி என்று மரியாதையாகக் கேட்டாராம். விஷயம் தெரிந்த பிறகு அபராதம் எழுதினார்.

பெல்ட் வராமல் கையெழுத்து வராது என்று அடைக்கலம் போனில் சொல்லிவிட்டார். கயிற்றைக் கொடுத்தால் புது வண்டி வீட்டில் தங்காது என்றான் தம்பி. கையெழுத்துப் போட்ட பாரம் இல்லாமல் பழைய கம்பெனி கடிதம் தராது. கடிதம் கைக்கு வராமல் புது வண்டியைத் தொடமாட்டேன் என்று அவன் உட்கார்ந்துவிட்டான். வண்டி பதினொரு நாள் ஷோரூமில் நின்றது. தள்ளுபடி போனால் போகிறது, இன்சூரன்ஸ் போட்டு எடுத்துப் போங்கள் என்று அங்கிருந்து தினம் போன் வந்தது. நடுவில் ஒருநாள் தம்பி பெல்ட்டைப் பையில் போட்டு வேலூருக்கு எடுத்துப்போய், கார் விற்றதற்கு இதுதான் அத்தாட்சி என்று அன்பரசியின் மேசைமேல் வைத்தான். அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் இரண்டு படி சாமை அரிசியோடு கணியம்பாடிக்குப் போனோம். அடைக்கலம் முட்டை அட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொன்னார், ஆனால் முகம் கொடுக்கவில்லை.

"முட்டைய வித்துட்டு, மேல் ஓடு மட்டும் என்னுதுன்னு உரிச்சி வெச்சிக்கினா நீ இன்னா சொல்லுவ?" என்று தம்பியைக் கேட்டார்.

"முட்டைய யாரும் கட்டி வெக்கிறதில்லீங்களே, அண்ணா."

அந்த நேரம் அவர் மனைவி மார்த்தாள் கொட்டகையிலிருந்து பால் செம்போடு வந்தார். முழுக்கதையையும் நின்றபடியே கேட்டார். பிறகு தம்பியைப் பார்த்து, "பெல்ட்டத்தான் கழட்டணுமா? ஸ்டியரிங்க ஏன் உட்டு வெச்ச?" என்றார்.

"அதக் கழட்டினா அண்ணன் எப்டி ஓட்டிக்கினு வருவாருங்க?" என்றான் தம்பி. அவன் யாரையும் கேலி செய்கிறவன் இல்லை.

மார்த்தாள் கணவர் பக்கம் திரும்பினார். "செவலைப் பசுவ வாங்கப் போனப்ப கையில இன்னா எடுத்துக்கினு போன?"

"கயிறு."

"காருக்கு?"

அடைக்கலம் பக்கத்திலிருந்த முட்டை அட்டையை நேராக நகர்த்தி வைத்தார்.

"கயிறு இல்லாம வெறுங்கைய வீசிக்கினு போயிட்டு, அந்தப் புள்ள மேல குத்தம் சொல்ற. போடு கையெழுத்த."

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாரத்தை முதல் வரியிலிருந்து படித்தார். எழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மடிப்பு மட்டும் போகவில்லை.

நாலாம் நாள் பழைய கம்பெனி கடிதம் கொடுத்தது. தீர்த்தகிரி என்று பெயர், அதன் கீழே ஐந்து வருஷங்களின் தேதி, நஷ்டம் ஏதும் கேட்கப்படவில்லை என்று ஒரு வரி, நீல நிறத்தில் வட்ட சீல். நான் இரண்டு முறை சரிபார்த்தேன். பிழை இல்லை.

அன்பரசியிடம் போனோம். தம்பி கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினான். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் தன் பைலைத் திறந்தார்.

"இது?" என்றான் தம்பி.

"ஒரிஜினல் எங்க பைலுக்குப் போவணும் சார். நீங்க ஒரு ஜெராக்ஸ் எடுத்து வெச்சிக்கோங்க."

தம்பி என்னைப் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் ரிசல்ட் ஒட்டிய அன்று பார்த்த அதே முகம். பிறகு மேசைக்கு அந்தப் பக்கம் கையை நீட்டி, கடிதத்தை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

"இதக் குடுக்காம போட முடியாதுங்களா?"

"போடலாம். தள்ளுபடி கிடைக்காது, முழுசா கட்டணும். பதினஞ்சு நாளா இதுக்குத்தான சார் காத்துக்கினு இருந்தீங்க?"

"இதுக்குத்தாங்க," என்று அவன் கடிதத்தைக் காட்டினான்.

அன்பரசி என்னிடம் பேசிப் பார்த்தார். அவன் சொல்வதுதான் சரி என்று நான் சொன்னேன். முழுசாகக் கட்டினோம். கடிதம் மூன்று வருஷம் செல்லும், மனசு மாறினால் அப்படியே கசங்காமல் கொண்டுவாருங்கள் என்று அவர் சொல்லி அனுப்பினார். அடுத்த கடையிலேயே லேமினேஷன் போட்டுவிட்டோம்.

புது வண்டியை எடுத்துக்கொண்டு இருபத்தைந்தில் திரும்பினோம். கணியம்பாடி தாண்டியதும் பின்னால் ஹாரன். எங்கள் வெள்ளைக் கார் பக்கத்தில் வந்தது. அடைக்கலம் மார்பின் குறுக்கே இருந்த புது பெல்ட்டைக் கட்டைவிரலால் தூக்கிக் காட்டினார்.

"காட்டுக்கா," என்றான் தம்பி, பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கடிதத்தை ஜன்னல் கண்ணாடியோடு சேர்த்து, சீல் தெரிகிற மாதிரி நேராகப் பிடித்தேன். அடைக்கலம் தலையை ஆட்டிவிட்டு எங்களைத் தாண்டிப் போனார். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாரா என்றுதான் நான் கவனிக்கவில்லை.