அஞ்சலி ஃபோல்டர்

கலைச்செல்வி எந்தப் பாட்டையும் முடித்ததில்லை. சோம்பேறி என்று நினைத்துவிட வேண்டாம், அவளை முடிக்க விட்டால்தானே.

செஞ்சி கடைத்தெருவில் விநாயகத்தின் வீடியோ கடையில் அவள் எடிட்டிங் வேலை பார்க்கிறாள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் என்று ஊரின் விசேஷங்களெல்லாம் அவள் கையில்தான் வெட்டி ஒட்டப்படுகின்றன. சினிமாப் பாட்டு போட்ட வீடியோக்களை யூடியூப் முடக்க ஆரம்பித்த பிறகு கடைக்குச் சொந்தமாக இசை தேவைப்பட்டது. கணினியிலேயே தாளம் அடுக்கி, அதன்மேல் சத்தம் சேர்த்து, இசை செய்ய அவள் கற்றுக்கொண்டது அப்படித்தான். கை சூடேறி ஏதோ ஒன்று வடிவத்துக்கு வரும் நேரம் பார்த்து விநாயகம் எட்டிப் பார்ப்பார்.

“பொண்ணு மேடை ஏர்ற வரைக்கும் வந்தா போதும் கலை. அவ்ளோதான், ஏத்திடு.”

அதோடு அந்த இசையின் ஆயுசு முடிந்தது. இப்படி அரைகுறையாக நின்றவை கணினி முழுக்கக் கிடந்தன. சிங்கவரத்து வீட்டுக்கு எடுத்துப்போய் முடிக்கலாமென்றால் அங்கே கணினி இல்லை. இலவசமாகக் கிடைத்த பழைய வாத்தியச் சத்தங்கள் கடையின் அந்த ஒரு கணினிப் பெட்டியில்தான் இருந்தன. வேறு எதில் திறந்தாலும் தாளம் மட்டும் கேட்கும், மற்றதெல்லாம் ஊமை. அவள் செய்த அத்தனையும் அவளையும் சேர்த்து அந்தப் பெட்டிக்குள் அடைபட்டிருந்தன.

வைகாசியில் மோனிகா போன் செய்தாள். கல்லூரித் தோழி, சென்னையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை.

“எங்க ஸ்டுடியோல ஒரு ஆள் தேவைப்படுதுடி. சாருகிட்ட உன்னப் பத்திச் சொல்லிட்டேன். முழுசா ஒண்ணே ஒண்ணு அனுப்பு. துண்டு துண்டா அனுப்பாத, அவரு கேக்க மாட்டாரு.”

முழுசாக ஒன்று. கலைச்செல்விக்கு அன்று முழுக்கக் கை ஓடவில்லை. விநாயகம் சாப்பிடப் போகும் நேரங்களில் பழையதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டாள். சில அவளுக்கே வெட்கமாக இருந்தன. சிலவற்றிலிருந்து நல்ல தாளத்தையும் ஒரு புல்லாங்குழல் துணுக்கையும் உருவிக்கொண்டாள். கடைசியில் ஒரு மெட்டிடம் வந்து நின்றாள். மெதுவாகத் தொடங்கி மெல்ல மெல்ல மேலேறும் மெட்டு. யாருக்காகவும் செய்ததல்ல. உருவிய துணுக்குகளை அதில் சேர்த்தபோது, இதுதான் என்று தெரிந்தது.

அதை எங்கே வைப்பது? கடையில் இசைக்கு இரண்டே ஃபோல்டர்கள்: சுபம், அஞ்சலி. ஊரில் யாராவது இறந்தால் படத்துக்கு மாலை போட்டு, பின்னால் சோக இசை ஓடவிட்டு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு ஒரு வீடியோ செய்வார்கள். அதற்குத்தான் அஞ்சலி. வைகாசி முகூர்த்த நாட்களில் விநாயகம் சுபத்தையே குடைந்துகொண்டிருப்பார், அஞ்சலிப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். அதனால் புத்திசாலித்தனமாக அதை அஞ்சலிக்குள் ஒளித்துவைத்தாள். மறுநாள் அவலூர்பேட்டையில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாள்.

அன்றைக்குப் பார்த்து அரிசி மண்டி பொன்னுசாமி காலமானார். பெரிய மனிதர். கலை இல்லாததால் விநாயகமே உட்கார்ந்து வீடியோ செய்தார். ஃபோல்டரில் புதிதாகத் தெரிந்ததைப் போட்டார், கீழே கடையின் பெயரை ஓடவிட்டார். அவலூர்பேட்டையில் பந்தியில் உட்கார்ந்திருந்த கலைச்செல்விக்குத் தன் மெட்டு பக்கத்து இலைக்காரியின் போனில் கேட்டது. அடுத்தடுத்து நடந்த சாவுகளுக்கும் மக்கள் அதையே கேட்டு வாங்கினார்கள்.

அழுதாள். ஆனால் விடவில்லை. கிடைத்த நேரத்திலெல்லாம் உட்கார்ந்து அதை முடித்தாள். முடிவுதான் அவளுக்குப் புதிது. வாத்தியங்கள் ஒவ்வொன்றாக விலகி, ஒரே ஒரு குழல் ஸ்வரம் மட்டும் நின்று, தானாக அடங்கும்படி செய்தாள். முதல்முறையாக ஒன்றை முடித்திருக்கிறோம் என்று உடம்பெல்லாம் லேசானது. மோனிகாவுக்கு அனுப்பினாள்.

பதில் வர நாளாயிற்று.

“நல்லா இருக்குதுடி,” என்று இழுத்தாள் மோனிகா. “ஆனா இது நெட்ல ஒரு சாவு வீடியோல இருக்குதே, கடை பேரு போட்டு. எங்கனா டவுன்லோட் பண்ணதான்னு சார் கேக்கறாரு.”

“நான் செஞ்சதுடி. அந்தக் கடைலதான் நான் இருக்கறேன்.”

“எனக்குத் தெரியும். அவருக்கு எப்டி தெரியும்? எப்டி அடுக்கனேன்னு திறந்து காட்டச் சொல்றாரு. அந்த ஃபைல மொத்தமா அனுப்பு.”

அனுப்பினாள். வேறு வழி தெரியவில்லை. சென்னையில் திறந்தபோது தாளம் மட்டும் கேட்டதாம். தாளத்தை யார் வேண்டுமானாலும் போடலாம் என்று சொல்லிவிட்டு அவர் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்.

அந்த வாரமே விநாயகம் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அந்த அஞ்சலிப் பாட்டு ஃபுல்லா செஞ்சி வச்சிருக்கறத இன்னிக்குத்தான் பாத்தேன், சொல்லவே இல்ல. சாவு எடுக்கற சொர்க்க ரதத்துல போட கேக்கறாங்க. இன்னா ஒண்ணு, கடைசில நின்னு போவுது. ஊர்வலம் போற வரைக்கும் நிக்காம சுத்திக்கினே இருக்கணும். அந்த முடிவ வெட்டிட்டு, முதலோட ஒட்டிக் குடும்மா.”

“முடிவு நல்லாருக்குதுண்ணா.”

“நல்லாதான் இருக்குது. அங்க யாரு அதக் கேக்கப் போறா?”

வெட்டினாள். ஒட்டிய இடம் தெரியாதபடி ஒட்டினாள். வேலையில் அவள் கெட்டிக்காரி, அதில் குறை சொல்லமுடியாது.

ஆடி மாதத்தில் ஒரு நாள், சிங்கவரத்திலிருந்து வந்த பஸ் செஞ்சிக்குள் நுழையும் இடத்தில் நின்றுவிட்டது. முன்னால் சொர்க்க ரதம், பூக்கள், பட்டாசு, கூட்டம். முந்த வழியில்லை. படிக்கட்டு வரை ஆட்கள் நின்றதால் இறங்கவும் வழியில்லை. பெரிய ஸ்பீக்கரில் அவளுடைய இசை ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய சத்தத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை. அழகாக இருந்தது. யாரோ செத்துக்கிடக்கும்போது தனக்குப் பெருமையாக இருக்கிறதே என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

பக்கத்து சீட்டுப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “யாரு போட்டாங்களோ, மனச இன்னாவோ பண்ணுது.”

கலைச்செல்வி பாட்டையே கவனித்துக்கொண்டிருந்தாள். மெட்டு உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கியிருந்தது. இப்போது வாத்தியங்கள் விலகவேண்டும், குழல் மட்டும் நிற்கவேண்டும். தன் கையால் வெட்டியெறிந்தது நன்றாகத் தெரிந்திருந்தும், மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் குழலுக்காகக் காத்திருந்தாள்.

அது வரவில்லை. பாட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. ரதம் நகர, அதன் பின்னாலேயே பஸ்ஸும் மெதுவாக ஊர்ந்தது.